அரசிறையும் ஆராய்ச்சியும்: வலப்பனை நெல்வரி முதல் சென் கூம்ஸ் வரை

வணிக நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசு பொருளுதவி செய்வதும், அந்நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காகச் செலவிட்ட பணத்திற்கு வரிச்சலுகை அளிப்பதும் அண்மைக்காலக் கொள்கைகள் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றன. கூடுதலாகச் செய்த ஆராய்ச்சிச் செலவின் 25 சத வீதத்தைச் செலுத்த வேண்டிய வரியிலிருந்தே கழித்துக்கொள்ள இடமளித்த 1981ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தைப் பலர் தொடக்கமாகக் காட்டுவர். சற்றுப் பின்னோக்கிச் செல்வோர், முதலாம் உலகப் போரின் நடுவே 1916இல் பிரித்தானியா நிறுவிய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சித் திணைக்களத்தையும், கைத்தொழிலதிபர் கூட்டாக அமைத்த ஆராய்ச்சிச் சங்கங்களுக்கென ஒதுக்கப்பட்ட பத்து இலட்சம் பவுணையும் குறிப்பிடுவர். ஆயின், அரசிறையையும் தனியார் இலாபத்தையும் ஆராய்ச்சி என்னும் கயிற்றால் பிணைக்கும் முயற்சி இலங்கையின் மலைநாட்டில் அதற்கும் முற்பட்டது. அதன் வரலாற்றை ஆய்வுகூடத்திலிருந்து தொடங்குவதிலும் வலப்பனையிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது.

வலப்பனைப் பிரதேசத்தில் இரு பொருளாதாரங்கள் ஒன்றன்மேலொன்றாக அமைந்துள்ளன. மேலே இராகலை, ஹல்கரனோயா, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். கீழே மலைச்சரிவிற் படிப்படியாய் இறங்கும் சிங்களக் கிராமங்களின் வயல்கள். மேலிருப்போர் தமிழ்த் தொழிலாளர். கீழிருப்போர் கண்டிச் சிங்கள விவசாயிகள். இவ்விரு சாராரையும் பகைமைக் கண்ணாற் பார்க்கப் பழக்கிய அரசியல் வரலாற்றை நாமறிவோம். அரசிறைப் பதிவேடுகள் காட்டும் உறவோ வேறு.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சட் பொடி படர்ந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பெர்க்லி என்னும் பூஞ்சண அறிஞர் அதனைப் புதியதொரு பூஞ்சணமெனக் கண்டு ‘ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்’ எனப் பெயரிட்டார். தோட்டத்துரைமார் முதலிற் பொருட்படுத்தவில்லை. காடழித்து மேலும் மேலும் நட்டனர். விலையும் உயர்ந்துகொண்டிருந்தமையால் விளைச்சல் வீழ்ச்சியை விலையேற்றம் மறைத்தது. 1870களின் இறுதியில் மறைக்க இயலாத நிலை வந்தபோது அரசை நாடினர். அரசும் செவிசாய்த்தது. 1880இல் மார்ஷல் வோட் என்னும் இளம் விஞ்ஞானி அரசாங்கப் பூஞ்சண ஆய்வாளராக அனுப்பப்பட்டார். இரண்டாண்டுகள் அவர் இந்நாட்டில் ஆய்ந்தார். பூஞ்சணத்தின் வித்திகள் காற்றிற் பரவுவதையும், ஈரமான இலையில் முளைத்து உட்புகுவதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாய் நட்டமையே நோய்க்குப் பாதை வகுத்தமையையும் எடுத்துக்காட்டினார். அவரிடம் மருந்து இருக்கவில்லை. தாவர நோயியலின் வரலாற்றில் அழியா இடம்பெற்ற அவ்வாய்வு, கூலி கொடுத்து மருத்துவரை அழைத்தவனுக்கு மரணச் சான்றிதழ் கிடைத்தது போலவே துரைமாருக்குத் தோன்றியது.

ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டியது வேறொன்று. கோப்பி துரைமாரின் பயிர் மட்டுமன்று. மலைநாட்டுக் கிராமத்தவர் தம் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்த கோப்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஏற்றுமதியிற் குறிப்பிடத்தக்க பங்கு வகித்தது. காசென்பதை அரிதாகவே கண்ட வலப்பனைக் குடியானவனுக்கு அக்கோப்பியே காசு. அவனுடைய செடிகளும் பட்டன. அவனிடமிருந்து அரசுக்குச் சேரவேண்டியதோ நெல்வரி. முன்னர் விளைச்சலின் ஒரு பங்காக இருந்த அவ்வரியை 1878ஆம் ஆண்டின் நெல்வரிக் கட்டளைச் சட்டம் பணமாகச் செலுத்த வேண்டிய தொகையாக்கியது. வயல் பொய்த்தாலும் தொகை பொய்க்காது. கோப்பியும் பட்டு, வயலும் பொய்த்த 1880களில் வரி கட்டாதோரின் நிலம் ஏலத்திற்கு வந்தது. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர், வலப்பனை உள்ளிட்ட பகுதிகளில் நிலமிழந்த குடும்பங்களின் கதியை விசாரித்து, பட்டினியும் மரணமும் ஊர்விட்டு ஊர் பெயர்தலும் நிகழ்ந்தமையை வெளிக்கொணர்ந்தார். விடயம் இலண்டன் வரை சென்றது. ஆளுநர் ஹவ்லொக்கின் காலத்தில், 1892இல், நெல்வரி நீக்கப்பட்டது.

ஒரே நோய், ஒரே அரசு, ஒரே பத்தாண்டு. தோட்டக்காரனின் கோப்பி பட்டபோது அரசு விஞ்ஞானியை அனுப்பியது. கிராமத்தவனின் கோப்பி பட்டபோது ஏலம் விடுவோனை அனுப்பியது. தோட்டக் காணிகளுக்கு நெல்வரியை ஒத்த நிலவரி எதுவும் அக்காலத்தில் இருக்கவில்லை. வருமானவரி இந்நாட்டிற்கு வந்ததே 1932இல்தான். நேர்மை கருதி இதனையும் சொல்லவேண்டும்: நெல்வரிக்கெதிரான கிளர்ச்சியில் முன்னின்றவருள் ஒருவரான ஜோர்ஜ் வோல் கோப்பி வணிகர், துரைமார் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். தனிமனிதர் தம் வர்க்கத்தின் எல்லைக்குள்ளேயே எப்போதும் நின்றுவிடுவதில்லை. ஆயினும் நெல்வரி நீங்கியபோது இறக்குமதி அரிசி மீதான தீர்வை நீங்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வரிசியை உண்டோருட் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர். வயலிலிருந்து இறங்கிய சுமையின் ஒரு பகுதி லயத்தின் அடுப்பில் தங்கிவிட்டது.

கோப்பிக்குப் பின் சிங்கோனாவும் அதன்பின் தேயிலையும் வந்த கதை பலராற் சொல்லப்பட்டது, விரிக்க வேண்டியதில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைத் தனிமனித சாதனையாகப் போற்றுவோர், அதற்கு முன்னரே பேராதனைப் பூங்காவிலே தேயிலை வளர்க்கப்பட்டு வந்தது என்பதையும், சிங்கோனாக் கன்றுகள் 1861இல் அரசு தொடங்கிய ஹக்கலைப் பூங்காவிலிருந்தே துரைமாருக்குக் கிடைத்தன என்பதையும் அத்துணை அழுத்திக் கூறுவதில்லை. துணிந்து முதலிட்டவன் எனப்படுபவனின் துணிவுக்குப் பின்னால் அரசிறையிற் பராமரிக்கப்பட்ட நாற்றுமேடை ஒன்று இருந்தது. நூற்றாண்டின் இறுதியில் அரசாங்கப் பூச்சியியலாளராகக் கிறீனும், 1905இல் பூஞ்சணவியலாளராகத் தொம் பெற்ச்சும் நியமிக்கப்பட்டனர். 1912இல் விவசாயத் திணைக்களம் அமைந்தது.

எனினும் துரைமாருக்கு இது போதவில்லை. திணைக்களம் நெல்லையும் தென்னையையும் கவனிக்க வேண்டியிருந்தது. தமக்கெனத் தனியானதொரு நிலையம் வேண்டுமென்றனர். அசாமிலே இந்தியத் தேயிலைச் சங்கம் 1911இல் தொக்லாய் நிலையத்தை நிறுவியிருந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தோட்டம் செலவிட்டுக் கண்டறிந்ததை அயற்றோட்டம் செலவின்றிப் பின்பற்றிவிடும். ஆதலால் எவரும் முந்திச் செலவிட முன்வரார். சங்கத்துக்குச் சந்தா கொடுப்பவனும் கொடாதவனும் ஒரே பயனைப் பெறுவர். இதற்குக் கண்ட வழி, எல்லாரிடமிருந்தும் சட்டப்படி அறவிடுவதே. 1925ஆம் ஆண்டுத் தேயிலை ஆராய்ச்சிக் கட்டளைச் சட்டம் ஏற்றுமதியாகும் தேயிலையின் நிறைக்கேற்ப ஒரு சிறப்புத் தீர்வையை விதித்தது. செஸ் என்று பின்னர் யாவரும் வழங்கியது இதுவே. அரசு அறவிட்டது, பணமோ அரசின் பொதுத் திறைசேரியிற் கலவாது ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது. தென்னைக்கு 1928இலும் இறப்பருக்கு 1930இலும் இதனையொத்த சட்டங்கள் இயற்றப்பட்டன.

இது திறமான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. பிரித்தானிய ஆராய்ச்சிச் சங்கங்கள் விரும்பியோர் சேரும் சங்கங்களாயிருந்து, சேராதோர் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்த வேளையில், குடியேற்றநாடொன்றில் அச்சிக்கல் ஒரே சட்டத்தால் தீர்க்கப்பட்டது. பெற்ச் முதற் பணிப்பாளரானார். நுவரெலியாவில் தற்காலிகமாகத் தொடங்கிய நிலையம், 1928இல் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தை வாங்கி அங்கு நிலைபெற்றது. அவ்வாண்டிலேயே அதன் காலாண்டு ஆய்விதழும் வெளிவரத் தொடங்கிற்று.

செஸ் தீர்வையை யார் கொடுத்தார்? சட்டத்தின் கண்ணில் ஏற்றுமதி செய்தவன் கொடுத்தான். பொருளியலின் கண்ணில் விடை அத்துணை எளிதன்று. தேயிலையின் விலை இலண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் தீர்மானமாயிற்று. இராகலையில் விளைந்த தேயிலைக்கு ஒரு சதம் தீர்வை ஏறிற்றென்பதற்காக இலண்டன் வாங்குநன் ஒரு சதம் கூட்டிக் கொடுக்கமாட்டான். எனவே அது உற்பத்திச் செலவிலேயே அடங்க வேண்டும். அச்செலவின் கூறுகளுள் உரத்தின் விலையும் கப்பற் கூலியும் துரையின் கைக்கு அப்பாற்பட்டவை. நெகிழக்கூடியது ஒன்றே. 1930களின் தொடக்கத்தில் தேயிலை விலை வீழ்ந்தபோது, 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நிர்ணயிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்டது. ஆராய்ச்சித் தீர்வை தொடர்ந்தது. 1932இல் அதன்மேல் தேயிலைப் பிரசாரத்திற்கான தீர்வையும் சேர்ந்தது. கூலிக் குறைப்புக்குத் தீர்வையே காரணமென்று நான் கூறவரவில்லை. தீர்வை மிகச் சிறிது. நெருக்கடியில் எது சட்டத்தாற் காக்கப்பட்டது, எது காக்கப்படவில்லை என்பதையே சுட்டுகின்றேன்.

தீர்வை கொடுத்தவர் எனக் கருதப்பட்டோருக்கே நிலையத்தின் ஆளுஞ்சபையில் ஆசனங்கள் கிடைத்தன. துரைமார் சங்கமும் தோட்ட உரிமையாளர் அமைப்புகளும் தம் பிரதிநிதிகளை அனுப்பின. அரசு சார்பில் விவசாயப் பணிப்பாளர் போன்றோர் இருந்தனர். தொழிலாளருக்கு ஆசனமில்லை. இது யாரோ ஒருவரின் தீயெண்ணத்தால் விளைந்ததன்று. தொழிலாளி ஆராய்ச்சியின் பயனாளியாகவோ பங்காளியாகவோ எண்ணப்படவே இல்லை. அவர் உற்பத்திச் செலவின் ஒரு வரி.

சபையில் யார் இருக்கிறார் என்பது வினாக்களைத் தீர்மானிக்கிறது. சென் கூம்ஸ் ஆய்வாளர் கெட்டிக்காரர். அவர்தம் சாதனைகள் மெய்யானவை. கொழுந்தைச் சுருட்டி உண்ணும் புழுவை அடக்க 1930களின் நடுப்பகுதியில் யாவாத் தீவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டனர். மருந்தின்றியே புழு அடங்கிற்று. உலகெங்கும் பூச்சியியலாளர் மேற்கோள் காட்டும் வெற்றி அது. அதே நிலப்பரப்பில் 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்கெதிராக டீல்ட்ரின் தெளித்தபோது குளவி அழிந்து புழு மீண்டும் பெருகிற்று என்பதும் அதே அளவு புகழ்பெற்ற பாடம். 1946இல் தென்மேற்குப் பருவக்காற்றின் வழிப்பட்ட மலைகளைக் கொப்புள நோய் தாக்கிற்று. கோப்பியின் கதி தேயிலைக்கும் வருமோ என்ற அச்சம் பரவியது. இம்முறை விஞ்ஞானம் கையிலிருந்தது. செம்புக் கலவைத் தெளிப்பு, கவ்வாத்துக் காலத்தை மாற்றியமைத்தல் ஆகியவற்றால் தேயிலை தப்பியது. மார்ஷல் வோட்டிடம் இல்லாதிருந்த மருந்து அவருடைய வழித்தோன்றல்களிடம் இருந்தது. செஸ் தீர்வைக்கு இதனினும் சிறந்த நியாயம் தேடவேண்டியதில்லை.

அச்செம்புக் கலவையை முதுகிற் சுமந்து சரிவுகளில் ஏறி மருந்தடித்தவர் யார்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவ்வேளையிலேயே நாடற்றோராக்கப்பட்டுக்கொண்டிருந்த மக்கள். தேயிலைச் செடியை அந்நிய நோயிலிருந்து காப்பதில் அரசும் முதலாளியும் விஞ்ஞானியும் கைகோத்த ஆண்டுகளும், அச்செடியை வளர்த்தோரை அந்நியராக்கிய ஆண்டுகளும் ஒன்றே. மருந்து தெளிப்போனின் நுரையீரலுக்கு என்னாகும், கூடையின் கயிறு தலையில் அழுந்த நாள் முழுதும் நிற்கும் பெண்ணின் கழுத்தும் இடுப்பும் என்னாகும் என்பனவும் விஞ்ஞான வினாக்களே. அவற்றை எழுப்பும் உரிமையுடைய ஆசனம் சபையில் இல்லை; ஆதலால் ஏக்கருக்கு எத்தனை இறாத்தல் என்பதே தலைமை வினாவாயிற்று.

அவ்வினாவுக்குக் கிடைத்த மிகப் பெரிய விடை வீ.பி. தேயிலை. விதையிலிருந்து முளைத்த செடிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. சிறந்த செடியொன்றைத் தேர்ந்து அதன் தண்டையும் ஓரிலையையும் வெட்டி நட்டால், அதே இயல்புடைய செடிகளை ஆயிரமாயிரமாய்ப் பெறலாம். 1930களில் தொடங்கிய இம்முயற்சி, 1950களின் பிற்பகுதியில் 2020 என்னும் எண் வரிசைச் செடிகளாக வெளிவந்து மலைநாட்டின் முகத்தையே மாற்றியது. மீள்நடுகைக்கு அரசு அதே காலத்தில் மானியம் வழங்கத் தொடங்கிற்று. தீர்வை ஆராய்ச்சியைத் தந்தது. மானியம் ஆராய்ச்சியைத் தோட்டத்தில் நட்டது. தாய்ச்செடியை எவ்வாறு தேர்ந்தனர்? ஆயிரக்கணக்கான செடிகளுள் ஒவ்வொன்றின் கொழுந்தையும் தனித்தனியே கிள்ளி, தனித்தனியே நிறுத்து, சுற்றுக்குச் சுற்று ஒப்பிட்டு. எச்செடி விரைந்து துளிர்க்கும், எது வரட்சியிற் சோரும் என்பதை அச்செடியை வாரந்தோறும் தொட்ட கைகள் அறியும். அட்டவணையில் இடம்பெறுவதோ எடை. கிள்ளிய கை அன்று. அந்தக் கையையும் ஆராய்ச்சியின் ஒரு பங்காளியாகக் கணக்கிட்டால் ‘ஆராய்ச்சிச் செலவு’ என்னும் தொடரின் பொருளே மாறிவிடும்.

வீ.பி. மலைகளிற் கொழுந்து மிகுந்தது. பெயர் போடுவதற்குப் பறிக்க வேண்டிய அளவும் உயர்ந்தது. அளவு எட்டாதவளுக்கு அரைப்பேர். செடியின் விளைச்சலை உயர்த்திய ஆராய்ச்சியின் பயன், கையின் கூலியைத் தானாகவே உயர்த்திவிடவில்லை. 2021இல் நாட்கூலி 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதன் பின்னரும் பல தோட்டங்களிற் பிணக்கு எழுந்தது கிலோக் கணக்கைப் பற்றியே.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1993இல் புதிய சட்டமொன்றின்கீழ் தேயிலை ஆராய்ச்சிச் சபை அமைந்தது. உடைமை இருமுறை கைமாறியும் ஆராய்ச்சியைக் கேட்கும் குரல் கீழிருந்து எழவில்லை. மேலிருந்தும் கேளாமற் போகலாம் என்பதை 2021 காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே முடிவால் தடைசெய்தது. நவம்பரில் தடை தளர்ந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாயிற்று. மண்ணையும் உரத்தையும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆய்ந்த நிலையமொன்றை வைத்திருந்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது.

இனி வரிச்சலுகைக்கு வருவோம். ஆராய்ச்சிச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க அனுமதிப்பது இன்று பல நாடுகளின் வழக்கம். இந்தியா 2010 முதல் நிறுவனங்கள் தம் ஆய்வுகூடங்களிற் செய்யும் செலவின் இருமடங்கைக் கழிக்க இடமளித்து, பின்னர் படிப்படியாகக் குறைத்து 2020இல் செலவளவுக்கே கொண்டுவந்தது. இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டமும் ஆராய்ச்சி, அபிவிருத்திச் செலவுக்குக் கழிவு வழங்குகின்றது. மேற்கூறிய வரலாற்றோடு இதனை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். நெல்வரி விளைச்சலைப் பாராது தொகையைக் கேட்டது. செஸ் தீர்வை இலாபத்தைப் பாராது நிறையைக் கேட்டது. நட்டத்தில் விற்ற தேயிலைக்கும் அது உண்டு. வரிக்கழிவோ இலாபம் இருப்பவனுக்கு மட்டுமே பயன்படும். வரி வீதம் நூற்றுக்கு முப்பதாயின், 100 ரூபாவை ஆராய்ச்சியிற் செலவிட்ட இலாபமீட்டும் கம்பனி 30 ரூபா வரி மீதப்படுத்தும். அதே 100 ரூபாவைச் செலவிட்ட நட்டக் கம்பனிக்கு அவ்வாண்டில் ஒன்றும் மீதமில்லை. வரி செலுத்துமளவு வருமானமே இல்லாத, வலப்பனையில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிற்றுடைமையாளர், தம் காணியில் எத்தனை பரிசோதனை செய்தாலும் அச்சட்டத்தின் கண்ணிற் படமாட்டார். இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கு இன்று சிற்றுடைமைகளிலிருந்தே வருகின்றது என்பதை இவ்விடத்தில் நினைத்தல் வேண்டும்.

குறைபாடுகள் பல இருந்தும் செஸ் முறைக்கு ஒரு சிறப்புண்டு. அதன் வழி கண்டறிந்தவை பொதுவாயின. 2020 வரிசைச் செடி எத்தோட்டத்திலும் எச்சிறு காணியிலும் நடப்பட்டது. வரிக்கழிவின் வழி கம்பனி கண்டறிவது கம்பனியின் தனிச்சொத்து. பொதுப் பணம் என்ற வகையில் இரண்டும் ஒன்றே: அறவிட்ட தீர்வையும் அறவிடாது விட்ட வரியும் மக்களுக்குரிய தொகைகளே. பின்னதற்கு ஆளுஞ்சபை இல்லை, ஆய்விதழ் இல்லை, எவ்வினாவுக்காக அப்பணம் சென்றது என்று கேட்க இடமுமில்லை. தொழிலாளருக்கு ஆசனம் கோரலாமென்றால், அங்கு ஆசனம் போடும் மேசையே கிடையாது. எனவே ஆராய்ச்சிக்கு அரசு உதவவேண்டுமா என்று விவாதிப்பதிலும் அவ்வுதவி எவ்வடிவிற் செல்கின்றது என்று விசாரிப்பதே இன்று முற்போக்காளர் முன்னுள்ள பணி. சென் கூம்ஸ் சபையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கும் வலப்பனைச் சிற்றுடைமையாளர் ஒருவருக்கும் வாக்குரிமையுள்ள ஆசனம் வழங்குவதற்கு வேண்டியது ஒரு சட்டத்திருத்தம். அதற்கான செலவு தீர்வையில் ஒரு சதத்தைத்தானும் கூட்டாது.

2017ஆம் ஆண்டுச் சட்டம் தான் ஏற்கும் ஆராய்ச்சியை, செலவிடுவோரின் வணிகத்தை மேம்படுத்தும் நோக்குடையதென்றே வரையறுக்கின்றது. கூடையின் பாரத்தைக் குறைக்கும் ஆய்வொன்றை ஒரு தோட்டக் கம்பனி மேற்கொண்டு, அதனால் விளைச்சல் ஒரு கிலோவேனும் கூடவில்லை என்று கொள்வோம். அச்செலவை இறைவரி உத்தியோகத்தர் ஆராய்ச்சியென ஏற்பாரா, நலன்புரிச் செலவென ஒதுக்குவாரா என்பது இனித்தான் எவரேனும் கணக்குச் சமர்ப்பித்துப் பார்க்க வேண்டியது.